மெழுகுப் பல்லும் ஒரு பெரியம்மாவும்

என் தங்கை ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். அதையும் சண்டை போட்டுச் சொல்லவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அதனால் மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

"நீ யாருன்னு எனக்குச் சின்ன வயசுலயே தெரியும். என் வளையலை எல்லாம் ஒளிஞ்சு ஒளிஞ்சு போட்டுப் பார்த்தது யாருன்னு தெரியாதா? ஆனா பாப்பாவைக் குழப்பக் கூடாது. இன்னைக்கு மாமா, நாளைக்குப் பெரியம்மான்னா அது என்ன பண்ணும்? எல்லாம் முடியட்டும். ஆபரேஷன் முடிஞ்சு நீ வீட்டுக்கு வர்ற அன்னைக்கு நானே அவளுக்குச் சொல்லிக் குடுக்கறேன்."

அப்போது பாப்பாவுக்கு எட்டு மாதம். வாயில் எச்சில் ஒழுகியதே தவிர வார்த்தை ஒன்றும் வரவில்லை. நல்லதாகப் போயிற்று, இது பேச ஆரம்பிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று நான் மனக்கணக்குப் போட்டேன். பதினோராவது மாதமே அது என்னைப் பார்த்து "மாமா" என்றது. வீடே கைதட்டியது. நானும் கைதட்டினேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நான் பல் கட்டுகிறவள். டாக்டர் இல்லை. டாக்டர் வாயில் அச்செடுத்து அனுப்புவார். அதை வைத்து பிளாஸ்டரில் தாடை வார்த்து, மெழுகில் பல்லை வரிசையாக நட்டு, நோயாளி போட்டுப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு மெழுகை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கெட்டிப் பொருளை அடைத்து, பல் செட்டாக அனுப்பும் லேபில் வேலை. எனக்கு ஏற்ற வேலைதான். நாள் முழுக்க முகமூடி. மூக்கிலிருந்து தாடை வரைக்கும் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எதிரே அலமாரி நிறைய வெள்ளைத் தாடைகள், ஈயென்று இளித்துக்கொண்டு இருக்கும். அவை என்னை எந்தக் கேள்வியும் கேட்டதில்லை. முதலாளி மட்டும் கொஞ்சம் திணறினார். முன்பெல்லாம் "தம்பி" என்பவர், நான் கம்மல் போட்ட நாளிலிருந்து "இங்க பாருங்க" என்று ஆகிவிட்டார். "அம்மா" இன்னும் வரவில்லை. வரும், அதுவும் வரிசையில் நிற்கிறது.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. கெட்டிப் பொருளை அடைத்த பிறகு மெல்லிய சூட்டில் ஒன்பது மணி நேரம் நீரில் வேகவிட வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே குமிழி குமிழியாகப் பொத்துப்போயிருக்கும். லேபில் இதைத் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான்தான். "யாருய்யா சூட்டை ஏத்துனது?" என்று நான் போடும் சத்தம் தெருவுக்குக் கேட்கும்.

அப்படிப்பட்ட நான்தான் என் ஹார்மோன் மாத்திரையை யாருக்கும் சொல்லாமல் இரட்டிப்பாக்கினேன்.

ஆபரேஷன் விஷயத்தில் அதற்கு முன்பு நடந்த இரண்டு தாமதங்களுக்கும் நான் பொறுப்பில்லை. முதலில் மனநல டாக்டர்கள் இரண்டு பேர் கடிதம் தர வேண்டும் என்றார்கள். ஒருவர் ஒரே வாரத்தில் தந்தார், இன்னொருவர் "இன்னும் ஆறு மாசம் பார்க்கலாம்" என்றார். என்னத்தைப் பார்த்தாரோ தெரியாது, ஆறு மாதமும் கடிகாரத்தைத்தான் பார்த்தார். பிறகு ஆபரேஷன் செய்யும் டாக்டர் நீண்ட விடுப்பில் போய்விட்டார். மூன்றாவது முறை தேதி கையில் வந்தது. ஆறே வாரம். அந்தத் தேதிக்குள் உடம்பை இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளிவிடலாம் என்று எனக்குப் புத்தி கெட்டுப்போயிற்று. காலை ஒன்று, இரவு ஒன்று என்றிருந்ததை இரண்டிரண்டாக்கினேன்.

ரத்தம் காட்டிக்கொடுத்துவிட்டது. மாத்திரை எழுதித் தரும் டாக்டரம்மா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவை மூடி வைத்தார்.

"யாரு ரெண்டு ரெண்டா போடச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல, டாக்டர்."

"சீக்கிரம் ஆகும்னு நினைச்சீங்களா?"

"ஆமா."

"ஈரல் போச்சுன்னா எதுவுமே ஆகாது. மூணு மாசம் மாத்திரை கிடையாது. நம்பர் இறங்கட்டும், அப்புறம் பார்க்கலாம். ஆபரேஷனைத் தள்ளி வைக்கச் சொல்லி எழுதறேன்."

"எவ்வளவு தள்ளிப் போகும்?"

"வரிசையில கடைசிக்குப் போவீங்க. என்னைத் திட்டாதீங்க."

அவரைத் திட்டவில்லை. என்னைத்தான் திட்டிக்கொண்டேன், கெட்ட வார்த்தை உட்பட. அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கையை நெஞ்சில் வைத்துப் பார்ப்பேன். இரண்டு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வந்த மென்மை அது. இன்னும் இருக்கிறதா, போய்விட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். தாடையில் மறுபடி சொரசொரப்பு ஏறியது. கண்ணாடிக்குள் ஒருத்தி நின்றுகொண்டு, வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வாசல்வரை வந்து திரும்பிப் போவதுபோல இருந்தது. அவளுக்காக எனக்கு ஏங்கி ஏங்கி உடம்பே வலித்தது.

தங்கைக்குப் போன் செய்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். அவள் வீட்டுக்காரருக்கு வேலை மாற்றம். போகவே ஒன்றரை நாள் ஆகும் ஊர். அவர் முன்னால் போய் வீடு பார்த்துவிட்டார், இவர்கள் அடுத்த மாதம் ஏழாம் தேதி கிளம்புகிறார்கள்.

"திரும்பி வர ரெண்டு வருஷமாவது ஆகும். உன் தேதி என்னாச்சு?"

"தள்ளிப் போச்சு."

"சரி, அப்ப பாப்பா விஷயம் பிறகு பார்த்துக்கலாம். எங்க போயிடப் போறா?"

பல்லைக் கடித்துக்கொண்டு "சரி" என்றேன். பல் விஷயத்தில் நான் கெட்டிக்காரி. ஆனால் அன்றைக்கு வேலை ஓடவில்லை. இரண்டு வருடம் கழித்து வரும்போது பாப்பாவுக்கு ஐந்து வயது. அதுவரை போனில் மாமா, படத்தில் மாமா, பள்ளிக்கூடத்துத் தோழிகளிடம் "எங்க மாமா". இறுகிய பிறகு எதையும் திருத்த முடியாது. எந்த வேலையில் இருந்தாலும் எனக்கு அது தெரிந்திருக்கும், இந்த வேலையில் கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

அந்த வாரத்தில்தான் ஒரு அம்மாள் பல்லோடு ஓடிப்போனார்.

நாற்பது வயதிருக்கும். பஸ் ஸ்டாண்டில் மைக்கில் அறிவிப்புச் சொல்லும் வேலை. ஈறு கெட்டு மேல் பல் முழுவதையும் எடுத்தாயிற்று. புண் ஆறட்டும் என்று டாக்டர் மூன்று மாதம் தள்ளினார், ஆறாததால் இன்னும் ஒரு மாதம் தள்ளினார். ஒருவழியாக மெழுகுப் பல்லைப் போட்டுப் பார்க்கும் நாள் வந்தது. அதற்கு லேபிலிருந்து நானும் போவது வழக்கம். டாக்டர் நோயாளியைப் பேசச் சொல்வார், நான் வாயைப் பார்ப்பேன். 'ப', 'ம' சொல்லும்போது உதடு இரண்டும் ஒட்ட வேண்டும். 'த' சொல்லும்போது நாக்கு பல்லைத் தொட வேண்டும். பதினாறு வருடமாக இதையே பார்த்துப் பார்த்து, சத்தம் கேட்காமலே யார் என்ன சொல்கிறார்கள் என்று எனக்குச் சொல்ல வரும். பஸ்ஸில் எதிரே இருப்பவர்கள் போனில் போடும் சண்டையெல்லாம் எனக்கு அத்துப்படி.

அந்த அம்மாள் அழகாகப் பேசிக்காட்டினார். "கண்ணாடியில பார்த்துட்டு வரேன்" என்று எழுந்தார். அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வழியாகப் போய்விட்டார்.

முதலாளி என்னைப் பிடித்துக்கொண்டார். "இங்க பாருங்க, உங்க கண்ணு முன்னாடியே போயிருக்காங்க. மெழுகுப் பல்லு அது, சூடா ஒரு வாய் டீ குடிச்சா பல்லெல்லாம் கையோட வந்துடும். போய் வாங்கிட்டு வாங்க."

பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போதே ஒலிபெருக்கியில் அவர் குரல். ஒவ்வொரு எழுத்தும் சலவை செய்ததுபோல வந்தது. பெருமையாக இருந்தது, என் பல் ஆயிற்றே. அறிவிப்பு அறைக் கதவைத் தட்டி உள்ளே போனேன்.

"பல்லை வாங்கிட்டுப் போக வந்தேன்."

"எந்தப் பல்லை?"

"உங்க வாயில இருக்கிற பல்லை."

விரலை உயர்த்தி என்னை நிறுத்திவிட்டு, பட்டனை அழுத்தி, நான்காம் தடத்து வண்டி பதினைந்து நிமிடம் தாமதமாக வரும் என்று சொன்னார். பட்டனை விட்டதும் பல்லைக் கழற்றி மேஜையில் இருந்த ஐஸ் தண்ணீர் டம்ளரில் போட்டார். வாய்ச்சூட்டில் மெழுகு இளகாமல் இருக்க அவரே கண்டுபிடித்த வழி. இரண்டு அறிவிப்புக்கு நடுவே டம்ளர், அறிவிப்பு வந்தால் வாய்.

"இதுல சாப்பிட முடியாதுங்க" என்றேன்.

"யாரு சாப்பிட்டா?" பல் இல்லாமல் பேசியதால் பாதிதான் புரிந்தது. "காலையிலேர்ந்து ஸ்ட்ரா போட்டுக் குடிச்சிட்டிருக்கேன். நாலு மாசமா என்னை டிக்கெட் கிழிக்க விட்டுட்டாங்க. இந்த நாற்காலியில வேற ஒரு பொண்ணு, இன்னைக்கு அவ லீவு. நாளைக்கு அவளைப் பெர்மனென்ட் பண்ணப் போறாங்க. அதுக்குள்ள சூப்பர்வைசர் என் குரலைக் கேக்கணும். சாயந்திரம் அஞ்சு மணிக்கு நானே கழட்டித் தரேன். இப்பப் புடுங்கணும்னா புடுங்கிக்கோங்க."

பிடுங்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு முன்பல் ஒன்று சாயத் தொடங்கியது. பையிலிருந்த சின்னக் கத்தியை லைட்டரில் காட்டி நானே ஒட்ட வைத்தேன். ஐஸும் நானே இரண்டு தடவை வாங்கி வந்தேன். ஓடிப்போன பல்லைப் பிடிக்கப் போனவள் அதற்குக் காவல் இருந்த கதை முதலாளிக்கு இன்றுவரை தெரியாது. நடுவில் அவர் என் கம்மலையும் தாடையையும் ஒருமுறை பார்த்தார்.

"உங்களுக்கு எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம் நாலு மாசம்."

"இன்னும்?"

"தெரியல."

"ம்" என்றார். அடுத்த வண்டி வந்துவிட்டது.

ஐந்து மணிக்குச் சொன்னபடி பல்லைக் கொடுத்தார். நாற்காலி அவருக்கே திரும்பக் கிடைத்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். கெட்டிப் பல்லை நான் ஒன்பது மணி நேரம் பக்கத்திலேயே இருந்து வேகவைத்துக் கொடுத்தேன்.

ஏழாம் தேதி வந்தது. அதே பஸ் ஸ்டாண்ட், காலை பத்தரை மணி வண்டி. பாப்பா பச்சைச் சட்டையில் என் தோளில் சவாரி செய்து வந்தாள். வழியெல்லாம் "மாமா, அது என்ன? மாமா, இது என்ன?" ஒவ்வொரு மாமாவுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். குழந்தை மேல் என்ன குற்றம்?

"நான் பெட்டியை ஏத்திட்டு வரேன். நீ இவளை ஒரு தடவை பாத்ரூம் கூட்டிட்டுப் போயிடு. வண்டி எங்க நிக்கும்னு தெரியாது" என்று தங்கை போய்விட்டாள்.

நான் வெளியே கிளம்பினால் தண்ணீர் குடிக்க மாட்டேன். இந்த இரண்டு கதவு விவகாரத்தை அப்படித்தான் சமாளித்து வந்திருக்கிறேன். இப்போது கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை. ஒரு கதவில் பெண் படம், அடுத்த கதவில் ஆண் படம். பெண் படத்துப் பக்கம் ஓர் அடி வைத்தேன். துடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து என் தாடையைப் பார்த்தாள். மாத்திரை இல்லாத இரண்டாவது மாதம், பவுடர் போட்டும் நிழல் தெரிந்தது. பின்வாங்கி அடுத்த கதவுக்குத் திரும்பினேன். உள்ளேயிருந்து வந்த ஆள் என் கம்மலைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். மறுபடி இந்தப் பக்கம். முடிந்திருந்தால் யாரையும் பார்க்காமல் உள்ளே போயிருப்பேன், இன்னும் முடியவில்லையே என்று மனம் அடித்துக்கொண்டது. அரை நிமிடம்கூட இருக்காது. குனிந்து பார்த்தால் என் கை காலியாக இருந்தது.

அதற்கப்புறம் நான் ஓடிய ஓட்டத்தை எழுத எனக்கு வரவில்லை. வண்டிகளுக்கு நடுவே, கடைகளுக்குப் பின்னால், பச்சை நிறம் எங்கே தெரிந்தாலும் ஓடினேன். எனக்கு ஆபரேஷனே வேண்டாம், எதுவுமே வேண்டாம், குழந்தை கிடைத்தால் போதும் என்று வாய்விட்டே சொன்னேன். அப்போது ஒலிபெருக்கி பேசியது.

"பயணிகள் கவனத்திற்கு. பச்சைச் சட்டை அணிந்த மூன்று வயதுப் பெண் குழந்தை அறிவிப்பு அறையில் உள்ளது. குழந்தையின் மாமா எங்கிருந்தாலும் உடனே வரவும்."

போனேன். பாப்பா ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். "மாமா! நான் அத்தைகூட ஒண்ணுக்குப் போயிட்டேன்!" என்று பெருமையாகச் சொன்னாள். பெண்கள் பக்கம் துடைத்துக்கொண்டிருந்தவள்தான் அந்த அத்தை, குழந்தையை இங்கே கொண்டு வந்து விட்டவளும் அவள்தான். பாப்பாவை அள்ளி எடுத்துக்கொண்டேன்.

அறிவிப்பாளர் அம்மாள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஓர் ஆண் வருவான் என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு புரிந்தது போலிருந்தது. ஒரு நோட்டை என் பக்கம் திருப்பினார்.

"கையெழுத்துப் போடணும். உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு. பாப்பா மாமான்னுதான் சொல்லுச்சு. நான் என்ன எழுதட்டும்?"

"மாமான்னே எழுதிடுங்க. எனக்கு இன்னும் முடியல."

"முடிஞ்சுதான்னா கேட்டேன்? யாருன்னுதானே கேட்டேன்." குரலில் அன்பெல்லாம் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. வெளியே மூன்று வண்டிகள் அறிவிப்புக்குக் காத்திருந்தன.

"பெரியம்மா" என்றேன். இரண்டு வருடத்தில் முதல் முறையாக அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொல்லியிருந்தேன்.

எழுதிக்கொண்டார். குழந்தை கிடைத்துவிட்டால் அதையும் மைக்கில் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் தேடுகிறவர்கள் தேடிக்கொண்டே இருப்பார்கள், அது அங்கே விதி. பட்டனை அழுத்தினார்.

"பயணிகள் கவனத்திற்கு. பச்சைச் சட்டை அணிந்த குழந்தை, அதன் பெரியம்மாவிடம் ஒப்படைக்கப்பட்டது."

என் பல். 'ப' வரும்போது உதடு சரியாக ஒட்டியது, 'ம்மா'வில் மறுபடி ஒட்டியது. அந்த பஸ் ஸ்டாண்ட் முழுக்க, டிக்கெட் வரிசையிலும் கழிப்பறை வாசலிலும்கூட அது கேட்டிருக்கும். அப்போதுதான் எனக்கு உறைத்தது, தங்கைக்கும் கேட்டிருக்கும். கொடுத்த வாக்கை நான் மீறிவிட்டேன்.

அவள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். குழந்தையைப் பிடுங்கி முத்தமிட்டாள். பிறகு என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"கண்ணை எங்கடி வச்சிருந்த? உயிரே போயிடுச்சு எனக்கு!"

இத்தனை வருடத்தில் அவள் என்னை அப்படி அழைத்ததில்லை. கோபத்தில் தானாக வந்தது, வந்தது அவளுக்கே தெரியவில்லை. திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அறிவிப்பைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. வண்டி கிளம்ப ஐந்து நிமிடம்தான் இருந்தது.

ஜன்னல் திறக்காத ஏசி வண்டி. தங்கை மடியில் பாப்பா எழுந்து நின்று, கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். உதடு ஒட்டியது, திறந்தது, ஒட்டியது, திறந்தது. மாமா. சத்தம் தேவையில்லை, எனக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே கையசைத்தேன்.

வண்டி பின்னால் நகரத் தொடங்கியது. தங்கை குனிந்தாள். என்னைச் சுட்டிக்காட்டி, பாப்பாவின் காதில் மெதுவாக ஏதோ சொன்னாள். பாப்பா அவளைத் திரும்பிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தங்கை மறுபடி சொன்னாள். கண்ணாடிக்குப் பின்னால் அந்தச் சின்ன உதடுகள் ஒட்டின, திறந்தன. பால்பல்லுக்குப் பின்னால் நாக்கு மேலே எழும்பியது. வாய் அப்படியே கொஞ்ச நேரம் திறந்திருந்தது. பிறகு உதடுகள் அழுத்தி மூடிக்கொண்டன, பெரிதாகத் திறந்தன.

மாமா அப்படி வராது. மாமாவில் நாக்குக்கு வேலையே கிடையாது.

வண்டி வளைவில் திரும்பிவிட்டது. பாப்பாவின் குரலில் அது எப்படி இருக்கும் என்று எனக்குக் கேட்கவில்லை. ஒலிபெருக்கியில் அடுத்த வண்டி தாமதம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அங்கேயே நின்று, அவள் குரலை மனதில் வைத்துக்கொண்டு, என் வாயால் அதை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.